தங்கைக்கு வந்த நோய்

முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயரை நீங்க முதன்முதலில் எங்கே கேட்டீங்க? பாடப் புத்தகத்தில் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். உங்க அக்காவோ அண்ணியோ மாசமாக இருந்தபோது ராசிபுரத்திலோ இடைப்பாடியிலோ பரமத்தியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் துணைக்குப் போயிருப்பீங்க. நர்சம்மா ஆதார் ஜெராக்ஸ், பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ் என்று வரிசையாகக் கேட்டிருப்பார். எதுக்குங்க என்று கேட்டால், முத்துலட்சுமி ரெட்டி பணத்துக்கு என்று பதில் வந்திருக்கும். 18,000 ரூபாய், தவணை தவணையாக வரும். நம்ம பக்கத்தில் அது ஒரு மனுஷியின் பெயர் என்பதே மறந்துபோய், ஒரு தொகையின் பெயராகிவிட்டது.

எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஐந்தாவது செமஸ்டர் வரைக்கும். அந்த செமஸ்டரில்தான் எங்க சின்னம்மாவின் பயாப்சி ரிப்போர்ட் என் கைக்கு வந்தது.

சின்னம்மாவுக்கு 46 வயது. பள்ளிபாளையம் பக்கம் வீட்டோடு விசைத்தறி. இடது மார்பில் ஒரு கட்டி. வலிக்கவில்லை, அதனால் ஏழு மாசம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் சித்தப்பா ஒரு இடத்துக்குக் கூட்டிப்போய்க் கட்டியை எடுத்தார்கள். எந்த இடம் என்பது வேண்டாம். எடுத்த சதையை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, சேலத்தில் லேபில் கொடுத்துவிடச் சொல்லி சித்தப்பா கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம். டப்பா லேபுக்குப் போனது திங்கட்கிழமை. உள்ளே இருந்தது ஃபார்மலின் இல்லை, வெறும் சலைன். புற்றுநோய்தான் என்பது வரைக்கும் அந்தச் சதையில் தெரிந்தது. எந்த வகை, எந்த மருந்து கேட்கும் என்று சொல்கிற புரதப் பரிசோதனைக்கு அது லாயக்கில்லை, திரும்ப எடுக்கணும் என்று லேப் டாக்டர் சொல்லிவிட்டார். அக்குளில் நெறி கட்டியிருந்த இடத்தில் ஊசி போட்டு, இந்த முறை ஒழுங்காக ஃபார்மலினில் போட்டு அனுப்பினார்கள். மூன்று வாரம் வீணாகப் போனது. அதற்கப்புறம்தான் ஈரோட்டில் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி, விடிகாலை சென்ட்ரலில் இறங்கி, அடையாறு.

ரிப்போர்ட்டில் இருக்கிற இங்கிலீஷைப் படித்துச் சொல்ல ஆள் வேணும் என்று என்னையும் கூட்டிப்போனார்கள். பயோடெக் படிக்கிற பிள்ளை ஆச்சே! டோக்கன் போட்டுவிட்டுக் காத்திருந்தபோதுதான் அந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்தவர் யார் என்று பார்த்தேன். 18,000 ரூபாய்க்காரம்மா.

இனி அவர் கதை.

1886 ஜூலை 30, புதுக்கோட்டை. அப்போது அது தனி சமஸ்தானம். அப்பா நாராயணசாமி, மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர், பிராமணர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் பிறந்தவர். இந்த ஒரு வரியில் அந்தக் காலத்துக்கு எவ்வளவு சிக்கல் இருக்கிறது என்று யோசியுங்க. அப்பா வீட்டுப் பக்கம் சேர்க்கமாட்டார்கள். ஊர் இன்னொரு கண்ணால் பார்க்கும். மெட்ரிகுலேஷனை வீட்டிலிருந்தே படித்துத் தேறினார். மேலே படிக்கக் கல்லூரியில் இடம் கேட்டபோது எதிர்ப்பு வந்தது. பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்பது ஒரு காரணம், இந்தப் பெண்ணின் அம்மா யார் என்பது இன்னொரு காரணம். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கே வந்து, சேர்த்துக்கொள்ளச் சொன்னார். மன்னர் மனசு வைக்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையும் இல்லை, அடையாறும் இல்லை.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் பட்டம், கூடவே பதக்கங்கள். இந்தியாவின் முதல் பெண் டாக்டர் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது தப்பு. வங்காளத்தின் காதம்பினி கங்கூலியும் மகாராஷ்டிரத்தின் ஆனந்திபாய் ஜோஷியும் அவர் பிறந்த 1886-லேயே டாக்டர் ஆகிவிட்டார்கள். தெரியாமல் கூட்டிச் சொல்வதால் அவருக்குப் பெருமை கூடப்போவதில்லை. சென்னையில் அரசு மகப்பேறு, கண் மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக இருந்த முதல் இந்தியப் பெண் அவர். அது போதும்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துகொண்டார். சாதி பார்க்காத, சடங்கு இல்லாத பதிவுத் திருமணம், 1872-ம் வருஷச் சட்டப்படி. தன்னைச் சமமாக நடத்தணும், தன் வேலைக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று முதலிலேயே பேசிக்கொண்டுதான் சம்மதித்தார். இரண்டு பையன்கள். சின்னவர் பெயர் கிருஷ்ணமூர்த்தி. இவரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்க, பின்னாடி வருவார்.

இனிமேல்தான் விஷயம்.

முத்துலட்சுமிக்கு ஒரு தங்கை. சின்ன வயசு. வயிற்றுக் கோளாறு, ரத்தமும் சீதமுமாகப் போனது. சீதபேதி என்று சொல்லி அதற்கு வைத்தியம் பார்த்தார்கள். ஒரு மாசம் இரண்டு மாசம் இல்லை, பல மாசம். கடைசியில் பார்த்தால் மலக்குடலில் புற்றுநோய். தெரிந்தபோது கை மீறிவிட்டது. தங்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் முத்துலட்சுமிதான். 1923-ல் அந்தப் பெண் இறந்துபோனாள்.

வீட்டில் அக்கா டாக்டர், அக்கா வீட்டுக்காரர் டாக்டர். சென்னை நகரத்தில் இருக்கிறார்கள். ஊரின் பெரிய டாக்டர்களையெல்லாம் தெரியும். அப்படியிருந்தும் நோயின் சரியான பெயர் கடைசியில்தான் வந்தது. சதையில் ஒரு துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்பது அப்போது ஒன்றும் புதுசு இல்லை. ஜெர்மனியில் விர்ஹோ செல் நோய்க்குறியியலைப் புத்தகமாகவே 1858-ல் போட்டுவிட்டார். வழி தெரிந்திருந்தது. சந்தேகப்பட்டு அந்த வழியில் போக ஆள் இல்லை, அதற்கென்று ஒரு இடம் இல்லை. எங்க சின்னம்மாவின் டப்பாவை நினைத்துக்கொண்டு இதைப் படித்தபோது எனக்கு 1923 ரொம்பப் பழைய காலமாகத் தெரியவில்லை.

1925-ல் அரசாங்க உதவித்தொகையில் குடும்பத்தோடு லண்டன் போனார். பெண்கள், குழந்தைகள் நோய் பற்றி மேல்படிப்பு, கிட்டத்தட்ட ஒரு வருஷம். அங்கே ராயல் கேன்சர் ஹாஸ்பிடலைப் பார்த்தார், இன்று ராயல் மார்ஸ்டன் என்று சொல்கிறார்களே, அது. புற்றுநோய்க்கு மட்டுமே ஒரு ஆஸ்பத்திரி. அறுவை சிகிச்சை, ரேடியம், சதையைப் பார்க்கிற லேப், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. சீக்கிரம் வந்தவர்களில் சிலர் பிழைத்து வீட்டுக்குப் போவதையும் பார்த்தார். நம்ம ஊரில் அப்போது புற்று என்றாலே பாயைப் போட்டுவிடுவார்கள். சென்னையில் இப்படி ஒன்று வேணும் என்ற எண்ணம் அங்கேதான் கெட்டிப்பட்டது.

அவர் லண்டனில் இருந்த சமயத்தில் மார்பகப் புற்றுநோய் பற்றி டாக்டர்களுக்கு என்ன தெரிந்திருந்தது? இதைச் சொல்லாவிட்டால் அடுத்தது புரியாது. 1896-ல் கிளாஸ்கோவில் பீட்சன் என்ற சர்ஜன் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். மார்பில் கட்டி முற்றிய பெண்களுக்குச் சினைப்பைகளை எடுத்துப் பார்த்தார். சிலருக்குக் கட்டி சுருங்கியது, சிலருக்கு அசையவே இல்லை. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. பிறகு, முத்துலட்சுமி அங்கே இருந்ததை ஒட்டி, 1926-ல் ஜேனட் லேன்-கிளேபன் என்ற பெண் டாக்டர் ஒரு அறிக்கை போட்டார். மார்பகப் புற்றுநோய் வந்த 500 பெண்கள், வராத 500 பெண்கள், இரண்டு பக்கமும் ஒரே கேள்விகள். எத்தனை பிள்ளை, எந்த வயசில் கல்யாணம், பால் கொடுத்தாரா என்றெல்லாம். நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிற ஆய்வுமுறைக்கே அதுதான் முன்னோடி. ஆனால் லேபில் சதையைப் பார்க்கிறவர்கள் செல்லின் உருவத்தை மட்டும்தான் பார்த்தார்கள். அதுக்குள்ளே எந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வழியே இல்லை.

ஊருக்குத் திரும்பியவரை அரசியல் இழுத்துக்கொண்டது. 1927-ல் சென்னை சட்டமன்ற மேலவைக்கு நியமனம். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் கால் வைத்த முதல் பெண். போனதும் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள். பெண்ணுக்குக் கல்யாண வயசை உயர்த்தணும், பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேணும் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் விடப் பெரிய சண்டை, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை ஒழிப்பது. அம்மா பிறந்த மரபு அது, அந்த வலி அவருக்கு வெளியாள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1929-ல் ஒரு சட்டத் திருத்தம், கோயில் சேவைக்கு ஈடாகக் கொடுத்த மானிய நிலம் சேவை செய்யாவிட்டாலும் அந்தப் பெண்களுக்கே சேரும் என்று. முழுத் தடைச் சட்டம் வந்தது 1947-ல்தான். சபைக்குள் எதிர்த்தவர்களில் சத்தியமூர்த்தி போன்ற பெரிய காங்கிரஸ் தலைவர்களும் இருந்தார்கள். அந்தப் பெண்களிலேயே பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள் இந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்க கலையையும் சொத்துரிமையையும் சேர்த்துத் தூக்கி எறியாதீங்க என்பது அவர்கள் வாதம். அதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் ஏழெட்டு வயசுப் பிள்ளைக்குப் பொட்டுக் கட்டுவதை நிறுத்தியது யார் பக்கம் என்று கேட்டால், பதில் சுலபம்.

1930-ல் காந்தி கைதானதும் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தார். அதே காலத்தில், பொட்டுக் கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த சில பெண்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். எந்த ஹாஸ்டலும் சேர்த்துக்கொள்ளவில்லை. தன் வீட்டிலேயே தங்கவைத்தார். அதுதான் அவ்வை இல்லம். இன்றும் அடையாறில் நடக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் அந்த ஆஸ்பத்திரி எண்ணம் போகவில்லை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு நூற்றாண்டு விழா. பழைய மாணவியாக மேடை ஏறியவர், அங்கே புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேணும் என்று கேட்டார். தங்கை போய் 12 வருஷம் ஆகியிருந்தது. கேட்டவர்கள் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். 1941-ல் பம்பாயில் டாடா நினைவு மருத்துவமனை வந்துவிட்டது. சென்னையில் ஒன்றும் நடக்கவில்லை.

1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கினார். அப்போது வயது 63. பணத்துக்கு வீடு வீடாக, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். அரசாங்க வட்டாரத்தில் அவருக்குக் கிடைத்த பதில், புற்றுநோய் வந்தால் எப்படியும் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதுக்கு ஒரு ஆஸ்பத்திரி என்கிற தினுசில் இருந்தது. இது கெட்ட மனசில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அன்றைய கணக்கு அப்படி. மலேரியா, காலரா, காசநோய் என்று கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த நாட்டில், இருக்கிற காசைப் பிழைக்கவைக்க முடிகிற நோய்க்குப் போடலாமே என்று நினைத்திருப்பார்கள். அந்தக் கணக்கில் ஒரே ஒரு தப்பு. பிழைக்கமாட்டார்கள் என்று முடிவு செய்து ஆஸ்பத்திரி கட்டாவிட்டால் யாரும் சீக்கிரம் வரமாட்டார்கள். சீக்கிரம் வராவிட்டால் பிழைக்கமாட்டார்கள். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிக்கிற ஆளுக்கு இது புரியும். அந்த லூப்பை எங்காவது ஒரு இடத்தில் வெட்டணும்.

வெட்டியவர்கள் அம்மாவும் மகனும். நினைவில் வைக்கச் சொன்னேனே, கிருஷ்ணமூர்த்தி, அவர் டாக்டராகி, வெளிநாட்டில் புற்றுநோய் சிகிச்சையில் பயிற்சி எடுத்து வந்திருந்தார். 1952 அக்டோபரில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் அடையாறில் கதவு திறந்தது. மொத்தம் 12 படுக்கை. நம்ம ஹாஸ்டலில் இரண்டு ரூமுக்கு இருக்கிற கட்டில் கூட அதைவிட அதிகம் இருக்கும். 1955-ல் சாந்தா என்ற இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். கைராசியான மகப்பேறு மருத்துவராகி வசதியாக இருக்கவேண்டியவர் இங்கே வந்து ஏன் கஷ்டப்படணும் என்று பலரும் கேட்ட காலம். 2021-ல் இறக்கும் வரை அவர் அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. ஆசியாவுக்கு முதன்முதலில் வந்த கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவிகளில் ஒன்று அந்தப் பத்தாண்டிலேயே இங்கே வந்தது. பணம் கட்ட முடியாதவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது ஆரம்பத்திலேயே போட்ட விதி.

1956-ல் பத்மபூஷண். 1968 ஜூலை 22-ல் காலமானார். இன்னும் எட்டு நாள் இருந்திருந்தால் 82 வயது முடிந்திருக்கும்.

அவர் ஆஸ்பத்திரி அடையாறில் சின்னதாக நடக்கத் தொடங்கியிருந்த அதே 1950-களின் கடைசியில், சிகாகோவில் எல்வுட் ஜென்சன் என்பவர் பீட்சனின் புதிரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனில் கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தார், ஹார்மோன் உடம்பில் எங்கே போய்த் தங்குகிறது என்று பார்க்க. கருப்பை மாதிரியான சில உறுப்புகளில் மட்டும் அது போய் ஒட்டிக்கொண்டது. ஒட்டிப் பிடிக்கிற ஒரு புரதம் அங்கே இருக்கிறது என்று தெரிந்தது. ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர். இசிஇ-காரர்களுக்குச் சொன்னால், செல்லுக்குள் இருக்கிற ஆன்டெனா. அது இருக்கிற கட்டி, ஹார்மோன் சிக்னலைப் பிடித்து வளரும். சிக்னலை நிறுத்தினால் சுருங்கும். ஆன்டெனாவே இல்லாத கட்டிக்குச் சினைப்பையை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒன்றுதான். பீட்சனின் நோயாளிகளில் பாதிக்கு மேல் பலன் இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம். அந்த ஆன்டெனாவில் போய் உட்கார்ந்து அடைத்துக்கொள்கிற டமாக்சிஃபென் மாத்திரை 1970-களில் புழக்கத்துக்கு வந்தது. முத்துலட்சுமி அதைப் பார்க்கவில்லை.

இனி சின்னம்மாவின் ரிப்போர்ட்டுக்கு வருவோம். அதில் இ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2, கே.ஐ.-67 என்று நாலு வரி. ஒவ்வொன்றும் ஒரு புரதம். கண்டுபிடிக்கிற விதம் இப்படி. சதையை மெழுகில் பதித்து, 3 முதல் 5 மைக்ரான் தடிமனுக்குச் சீவுகிறார்கள். நம்ம தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதன்மேல், தேடுகிற புரதத்தை மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடியை விடுகிறார்கள். பிடித்த இடத்தில் பழுப்பு நிறம் வருகிற மாதிரி ஒரு ரசாயனம். மற்ற இடமெல்லாம் நீலமாகவே இருக்கும். அவ்வளவுதான், பழுப்பா நீலமா என்று எண்ணுவதுதான் வேலை. எத்தனை சதவீத செல்லில் பழுப்பு, எவ்வளவு அழுத்தமான பழுப்பு என்று பார்த்து, ஆல்ரெட் முறையில் எட்டுக்கு மார்க் போடுவார்கள். சின்னம்மாவின் இ.ஆர். எட்டுக்கு ஏழு.

ஹெர்-2 வேற கதை. அது செல்லின் மேல்தோலில் இருக்கிற புரதம், வளரு வளரு என்று செல்லுக்கு உத்தரவு வாங்கிக் கொடுப்பது. சாதாரண செல்லில் அதற்கான மரபணு இரண்டு பிரதி இருக்கும். சில கட்டிகளில் பிரதிகள் எக்கச்சக்கமாகப் பெருகி, தோல் முழுக்க அந்தப் புரதமாகவே இருக்கும். பத்துப் பேரில் ஒருவர் இருவருக்கு அப்படி. மார்க் 0, 1 என்றால் இல்லை. 3 என்றால் இருக்கிறது. 2 என்றால் இழுபறி, மரபணுவையே எண்ணிப் பார்க்கிற ஃபிஷ் டெஸ்டுக்கு அனுப்பணும். சின்னம்மாவுக்கு 2 வந்து, ஃபிஷ்ஷில் இல்லை என்று முடிந்தது. இருந்திருந்தால் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி. 1998-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிய மருந்து அது, இப்போது இந்தியக் கம்பெனிகளும் செய்கின்றன. இ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றுமே இல்லாத கட்டியும் உண்டு. மேற்கு நாடுகளைவிட நம்ம நாட்டில் அதன் பங்கு அதிகம், நாலில் ஒன்று, சில இடங்களில் மூன்றில் ஒன்று. அதற்கு ஹார்மோன் மாத்திரையும் கேட்காது, இந்த ஊசியும் கேட்காது. கீமோதான் முதல் ஆயுதம்.

இப்போது அந்த சலைன் டப்பா ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று புரிகிறதா? சதையை வெட்டி எடுத்த நிமிஷத்திலிருந்து அதில் இருக்கிற புரதம் சிதைய ஆரம்பிக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போடணும். சதையின் அளவுக்குப் பத்து மடங்கு ஃபார்மலின் வேணும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிஞ்சாமல் ஊறணும். இதில் ஒன்று தவறினாலும், இருக்கிற புரதம் இல்லை என்று ரிப்போர்ட்டில் வரலாம். இல்லை என்று வந்தால், கிடைக்கவேண்டிய மாத்திரை கிடைக்காமல் போகும். பல கோடி ரூபாய் மெஷின் சேலத்தில் இருந்தாலும், சென்னையில் இருந்தாலும், ஒரு டப்பாவில் ஊற்றுகிற தண்ணி தப்பாக இருந்தால் அத்தனையும் வேஸ்ட்.

சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி 1986-ல் ஆரம்பித்தது, முத்துலட்சுமி பிறந்து சரியாக 100 வருஷம் கழித்து. நாமக்கல்லிலும் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சீதபேதி என்று மாசக்கணக்கில் ஏமாறவேண்டிய காலம் நம்ம பக்கத்தில் போய்விட்டது என்று சொல்லலாம். ஆனாலும் 2022-ம் வருஷக் கணக்குப்படி இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்த பெண்கள் சுமார் 1,92,000 பேர், அதே வருஷம் அதில் இறந்தவர்கள் சுமார் 98,000 பேர். சீக்கிரம் வந்திருந்தால் இந்த இரண்டாவது எண் இவ்வளவு பெரிதாக இருக்காது. வலி இல்லை என்று ஏழு மாசம் சொல்லாமல் இருந்த எங்க சின்னம்மா மாதிரி எத்தனை பேரோ.

உங்க வீட்டில் யாருக்காவது கட்டி எடுக்கிற நிலைமை வந்தால், டப்பாவில் என்ன ஊற்றியிருக்கிறது என்று கேளுங்க. எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று அதன்மேல் எழுதச் சொல்லுங்க. கேட்டால் கோபப்படுவார்களோ என்று சித்தப்பா பயந்தார். கோபப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும். ரிப்போர்ட் வந்ததும் மெழுகு பிளாக்கை லேபில் கேட்டு வாங்கி வையுங்க. வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

சின்னம்மாவுக்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து தலைமுடி திரும்ப முளைத்துவிட்டது. முன்னாடி கோரைமுடி, இப்போது சுருட்டையாக வந்திருக்கிறது, அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. தினமும் ராத்திரி சாப்பிட்டதும் ஒரு டமாக்சிஃபென். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஏற்காடு எக்ஸ்பிரஸ். சேலம் லேபிலிருந்து அடையாறு போய்த் திரும்பி வந்த அந்த பிளாக், பட்டாணி அளவு சதை பதிந்த வெள்ளை மெழுகு வில்லை, சின்ன ஜிப் கவரில் போட்டு அவர் பீரோவில் இருக்கிறது. தறிக்கூடத்துப் பத்திரமும் ரேஷன் கார்டும் வைத்திருக்கிற அதே தட்டில்.